திருப்பிக் கேட்கும் வாசல்

யாழ்ப்பாணம்
5 ஓகஸ்ட் 2025

லெனாட்டுக்கு,

இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க இல்லை, வேலை விஷயமாக. முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

'எட்டிப்பார்' கைமாறுகிறது. கொழும்பில் ஒரு கொம்பனி எடுத்திருக்கிறது. உனக்கு எப்படியும் தெரிந்திருக்கும். இங்கே ஒருவர் தும்மினால் அங்கே பேர்கனில் கோடாலித் தைலம் தேடுகிற ஆட்கள்தானே நாங்கள். என்னோடு மிஞ்சியிருந்த ஆளையும் யூன் மாதத்தோடு வேலையை விட்டு நிற்பாட்டிவிட்டார்கள். ஒப்படைக்கும் வரைக்கும் நான் மட்டும் இருக்கிறேன்.

புது ஆட்கள் எங்கள் மென்பொருள் 'கோட்' ஒன்றையும் வாசிக்கப் போவதில்லை. ஏஐ ஏஜென்றுகள்தான் இனிப் பராமரிக்கும். அவற்றுக்காக எங்கள் ஏபிஐயில் இருக்கும் ஒவ்வொரு என்ட்பொயின்றுக்கும் ஆவணம் வேண்டும்: எதைக் கேட்டால் எதைத் தரும், எதற்காக இருக்கிறது. நாங்கள் அவற்றை 'வாசல்' என்போமே, நான் இன்னும் அப்படித்தான் சொல்கிறேன். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

ஆவணம் எழுத ஒரு கருவி தந்திருக்கிறார்கள். அது 'கோட்' முழுவதையும் வாசித்தது. இரண்டு கிழமை, பதினாலு நாளும், எங்கள் வாசல்களில் என்ன வந்து போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொன்றாக எழுதி வருகிறது, விளங்காத இடத்தில் என்னைக் கேட்கிறது. முன்னுரை மட்டும் நான் எழுதினேன். சரியா என்று பார்:

"பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் இங்கே தனியாக. அவர்களுக்கான சேவை இது. தினமும் காலையில் பதிவு செய்த ஒரு பெண் குரல் அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து 'எப்படி இருக்கிறியள், சுகமோ?' என்று கேட்கும். பதில் எழுத்தாக மாறிப் பிள்ளையின் போனுக்குப் போகும். தொலைபேசியை எடுக்காவிட்டால் 'ஒருக்கா எட்டிப் பாருங்கோ' என்று அயல் வீட்டுக்குச் செய்தி போகும்."

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. நீ போவதற்கு முதல் கிழமை எழுதிய 'தி.கே.' என்ற வாசல். உள்ளே நீ பழக்கிய ஏதோ ஒரு ஏஐ மொடல் இருக்கிறது, திறந்தால் வெறும் எண்கள். ஒரு வரி விளக்கம் இல்லை. தொலைபேசியை எடுத்துச் சுகம் என்று சொன்னவர்களின் அயலுக்கும் எப்போதாவது அதிலிருந்து செய்தி போயிருக்கிறது. ஏன் போனது என்று எனக்கு விளங்கவே இல்லை. கருவி பார்த்த இரண்டு கிழமையில் ஒரு தடவையும் போகவில்லை. ஆகவே "பயன்பாடு இல்லை, இன்னொரு வாசலின் மறுபிரதி, நீக்கலாம்" என்று எழுதி வைத்திருக்கிறது. நான் சம்மதித்தால் நீக்கிவிடும்.

நாலு வரி எழுதி அனுப்பு. அது போதும்.

உன் அம்மாவின் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் 'சுகம்' என்று விழுகிறது. உனக்கும் வந்திருக்கும்.

கஜானி


பேர்கன்
8 ஓகஸ்ட் 2025

கஜானி,

மின்னஞ்சல் கிடைத்தது. நாலு வரி கேட்டிருக்கிறாய். விற்கும்போது என்னிடம் ஒரு வரி கேட்டாயா?

'எட்டிப்பார்' என்ற பெயரை வைத்தவன் நான். முதல் வருடம் முழுக்க உன் ஸ்கூட்டியின் பின்னால் இருந்து கரவெட்டியிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் வீடு வீடாகப் போய்ப் பேர் சேர்த்தவன் நான். இணையத்தளத்தில் என் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பூச்சாடிப் படம் இருக்கிறது. அதையும் பார்த்தேன்.

நான் பாதியில் விட்டுப் போனதாக ஊரெல்லாம் சொன்னாயாம். படியில் நின்று "போறதெண்டால் போ, திரும்பி எட்டியும் பாக்காதை" என்று சொன்னது நீதான். சொன்னபடி செய்தேன்.

உன் கருவி அவ்வளவு கெட்டிக்காரக் கருவி என்றால் அதையே கேள். ஏஜென்றுக்கு ஆவணம் எழுதுவது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். எனக்கு இங்கே கந்தோரில் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. இதற்கெல்லாம் நேரம் இல்லை.

லெனாட்


யாழ்ப்பாணம்
11 ஓகஸ்ட் 2025

பெரிய கொம்பனி லெனாட்டுக்கு,

பூச்சாடியை நான் வைக்கவில்லை. தளத்தைத் திருத்திய பெடியன் வைத்தான். நான் எடுக்கச் சொல்லவில்லை, அதுதான் என் பிழை. உன்னுடைய படம் அதைவிட அழகில்லை என்பதும் உண்மை.

விற்காமல் என்ன செய்வது? நீ போனாய். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள், ஆள் டுபாய், ஆள் கனடா. கடைசியில் கமலாவதியும் நானும்தான். அவளுடைய குரலைப் பதிவு செய்துதானே எல்லா வீட்டுக்கும் அனுப்புகிறோம். ஆளை நிற்பாட்டிவிட்டு அவள் குரலை மட்டும் வைத்திருக்கிறார்கள். நேற்றுச் சந்தையில் கண்டாள். "அக்கா, நான் இன்னும் வேலைக்கு வாறனெண்டு சனம் நினைக்குது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது எங்கள் கந்தோர் மாடியில் நான் மட்டும். மற்றக் கதிரைகளைச் சுவரோடு அடுக்கி வைத்திருக்கிறேன், காலியாக நிற்பதைப் பார்க்க ஏலாமல். கீழே தெருவில் கால் வைக்க இடமில்லை. நல்லூர்த் திருவிழா, வெளிநாட்டுச் சனம், ஐஸ்கிறீம் கடையில் வரிசை. அண்ணை குடும்பமும் பாரிசிலிருந்து வந்து நிற்கிறது. வீடு நிறைய ஆட்கள். அவர்களுக்குள்ளே பிரெஞ்சில் கதைக்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பகல் முழுக்க என்னோடு கதைப்பது அந்தக் கருவிதான். ஒவ்வொரு வாசலாகக் கேள்வி கேட்கிறது. யாரும் இவ்வளவு பொறுமையாக என்னிடம் ஒன்றைக் கேட்டு எவ்வளவோ காலம். "இந்த இடம் வெறுமையாக இருந்தால் என்ன பொருள்?" என்று நேற்றுக் கேட்டது. "அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை என்று பொருள்" என்று எழுதினேன். "நன்றி, பதிந்துகொண்டேன்" என்றது. பிறகு அடுத்த வாசலுக்குப் போய்விட்டது.

வரும் திங்கள் ஒப்படைக்க வேண்டும். தி.கே. என்ன என்று மட்டும் சொல்லு. சண்டையைப் பிறகு பிடிப்போம், அது எங்கேயும் ஓடிப் போகாது.

கஜானி


யாழ்ப்பாணம்
19 ஓகஸ்ட் 2025

லெனாட்,

நீ பதில் எழுதவில்லை.

ஒப்படைத்தாயிற்று. கருவி கடைசியாக ஒரு தடவை கேட்டது: "தி.கே. யாருக்காக இருக்கிறது?" தெரியாது என்று எழுதினேன். "நீக்கச் சம்மதமா?" என்றது. சம்மதம் என்றேன். ஏஜென்ற் அதைக் கழற்றிவிட்டது. ஒன்றும் உடையவில்லை. உடையாது என்று உனக்குத் தெரிந்துதான் பேசாமல் இருந்தாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏதும் கேள்வி வந்தால் பதில் சொல்ல இந்த மாதக் கடைசி வரைக்கும் நான் இருப்பேன். பிறகு நானும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

கஜானி


பேர்கன்
24 ஓகஸ்ட் 2025, ஞாயிறு

கஜானி,

உன்னுடைய பழைய இலக்கம் வேலை செய்யவில்லை. புதிய இலக்கம் என்னிடம் இல்லை. இதை எப்போது பார்ப்பாய் என்று தெரியாது. பார்த்தவுடன் தயவுசெய்து குருநகருக்கு அம்மாவைப் பார்க்கப் போ. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். வாசித்து முடிக்காமல் போனாலும் சரி.

தி.கே. என்றால் திருப்பிக் கேட்டல்.

சாவகச்சேரி நல்லம்மாவை நினைவிருக்கிறதா? மூன்று மகன்களும் ஜேர்மனியில். ஒவ்வொரு நாளும் சுகம், சுகம் என்று சொன்னவர், ஒரு நாள் போனை எடுக்கவில்லை. அயலார் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. நான் அவருடைய ஒலிப்பதிவுகளை எடுத்துக் கேட்டேன். எங்கே விட்டோம் என்று தெரிய வேண்டும் போலிருந்தது.

மாதக்கணக்கான பதிவு. கமலாவதியின் குரல் "சுகமோ அம்மா?" என்று கேட்கும். அவர் "நல்ல சுகம் பிள்ளை, நீ சாப்பிட்டியோ?" என்பார். இன்னொரு நாள் "உங்கை மழையோ?" என்பார். பதிவுக் குரல் பதில் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பார். கடைசி நாட்களில் "சுகம்" மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மற்றவர்களுடைய பதிவுகளையும் கேட்டேன். எல்லாரும் அப்படித்தான். எங்கள் சனம் வருத்தத்தை வாயால் சொல்லாது, அதுவும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லவே சொல்லாது. சாகக் கிடந்தாலும் சுகம்தான். ஆனால் சுகமாக இருக்கிற ஆள், எதிரில் இருப்பது மெஷின் என்றாலும், திருப்பி ஒன்றைக் கேட்கும். உடம்புக்கு ஏலாதபோது அந்தக் கேள்விதான் முதலில் நின்றுபோகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த வாசல். திருப்பிக் கேட்காவிட்டால் அயலுக்குச் செய்தி போகும்.

உனக்குச் சொல்லாதது சண்டையினால். எழுதி முடித்த கிழமைதான் நாங்கள் படியில் நின்று கத்தினோம்.

உன் கருவி எப்போது பார்த்தது என்று யோசித்துப் பார். யூலைக் கடைசி, ஓகஸ்ட் தொடக்கம். யாகப்பர் கோயில் திருநாள், நல்லூர்க் கொடியேற்றம், இங்கே எல்லா நாட்டிலும் பள்ளிக்கூட விடுமுறை. பிள்ளைகள் எல்லாரும் வந்து நிற்கிற நேரம். தாய் தகப்பன்மார் சந்தோஷத்தில் பதிவுக் குரலோடு குடும்பக் கதையே கதைத்திருப்பார்கள். வருடத்தில் எங்கள் ஊர் தனியாக இல்லாத இரண்டு கிழமை அது. அதைப் பார்த்துவிட்டு இந்த வாசல் தேவையில்லை என்று எழுதியிருக்கிறது.

இன்றைக்கு அம்மாவோடு கதைத்தேன். ஞாயிறு என்றால் அம்மா என்னை விசாரணைதான் செய்வார். என்ன கறி, யார் சமைத்தது, பூசைக்குப் போனேனா, உள்ளுக்குப் போட பனியன் இருக்கிறதா. இன்றைக்கு "நல்ல சுகம் மோனை, வைக்கிறன்" என்றார். வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு றஜனி அக்காவுக்குப் போன் அடித்தால் மன்னாரில் மகளிடம் நிற்கிறாராம்.

நான் பதில் எழுதியிருக்க வேண்டும். போ கஜானி.

லெனாட்


யாழ்ப்பாணம்
26 ஓகஸ்ட் 2025

லெனாட்,

நேற்றுக் காலையில் தேத்தண்ணி ஊற்றியபடியே போனில் உன் கடிதத்தைத் திறந்தேன். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். முதலில் இதைக் கேள்: உன் அம்மா உயிரோடு இருக்கிறார். பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். இனி மெல்லமாக வாசி.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. தட்டினேன். "ஆர்? தள்ளிக்கொண்டு வா" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. கட்டிலில் கிடந்தார். தலைமாட்டில் போன், ஒரு பிஸ்கற் பெட்டி, தண்ணீர்ப் போத்தில், செபமாலை. என்னைக் கண்டதும் சிரித்தார். "நல்ல சுகமாயிருக்கிறன் பிள்ளை. எழும்பத்தான் ஏலாமல் கிடக்கு" என்றார்.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்திருக்கிறார். போன கிழமை நடுப்பகுதியில். இழுபட்டு இழுபட்டுக் கட்டிலுக்கு வந்திருக்கிறார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாள் காலையும் போனை எடுத்து, கமலாவதியின் குரலுக்குச் சுகம் என்று சொல்லியிருக்கிறார். உனக்கும் அது அப்படியே வந்திருக்கும். நான் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தேன். அம்புலன்ஸ் வந்து தூக்கும்போதுதான் முதல் தடவையாகக் கத்தினார்.

தொடை எலும்பு மேலே முறிந்திருக்கிறது. நாளைக்குச் சத்திரசிகிச்சை. வயது இருந்தாலும் இருதயம் நல்லது என்று டொக்டர் சொன்னார். நான் கூட இருக்கிறேன். சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறேன். வீட்டைப் பூட்டித் திறப்பை என் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

"லெனாட்டுக்கு எழுதிப்போடாதை. பெடியன் அங்கை வேலையை விட்டிட்டுத் தவிப்பான்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்து எழுதுகிறேன். பொய் சொன்னதற்கு நான் பிறகு கணக்குக் கொடுக்கிறேன்.

சம்மதம் என்று அழுத்தியது என் விரல். கருவியில் பிழை இல்லை. யாருக்காக இருக்கிறது என்று அது கேட்டது. அதைவிட நல்ல கேள்வி இல்லை. எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், நாங்கள் இரண்டு பேரும் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்தோம். இன்று கொழும்புக் கொம்பனிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஆவணம் எழுதித் தந்தால் திரும்பப் பொருத்தலாம் என்றார்கள். நாலு வரி எழுதினேன். பின்னேரத்துக்குள் ஏஜென்ற் வாசலைத் திரும்ப வைத்துவிட்டது. அவ்வளவுதான் வேலை, லெனாட்.

இன்னொன்று. உன் தி.கே. விதியைப் படித்த பிறகு, ஆஸ்பத்திரி வாட்டின் வாசலில் குந்தியிருந்து உன்னுடைய கடிதங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீ என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. என் அப்பா மாசி மாதம் தவறிவிட்டார். உனக்கு யாரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அண்ணை ஆட்கள் சனிக்கிழமை விமானம் ஏறிவிட்டார்கள். சண்டிலிப்பாய் வீட்டில் இப்போது நானும் ஒரு பூனையும். பூனைகூட அயல் வீட்டுப் பூனை.

பிறகுதான் கோபம் நின்று வேறொன்று பிடித்தது. முந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால் நீ மாட்டுக்கும் சுகம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாய். அந்த ஆளா இந்தக் கடிதங்களை எழுதியது? உன் விதிப்படி பார்த்தால் யாராவது உன் வீட்டை எட்டிப் பார்க்க வேண்டும். பேர்கனில் எனக்கு யாரைத் தெரியும்?

ஆகையால் நானே கேட்கிறேன். உனக்கு என்ன நடந்தது? சுகம் என்று எழுதாதே.

கஜானி

என் புது இலக்கத்தையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.


பேர்கன்
28 ஓகஸ்ட் 2025

கஜானி,

சத்திரசிகிச்சை முடிந்தது என்ற உன் செய்தி வேலை இடத்தில் வந்தது. மறைவில் போய் நின்று அழுதேன். இலக்கம் இருந்தும் உனக்குப் போன் எடுக்கவில்லை. குரல் கேட்டால் நான் சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டேன், அதுதான் எழுதுகிறேன்.

வேலை இடம் என்று சொன்னேன். அது கந்தோர் இல்லை.

சென்ற வருடக் கடைசியில் எங்கள் கொம்பனியில் ஏபிஐ முழுவதற்கும் ஆவணம் எழுதச் சொன்னார்கள், ஏஜென்றுகளுக்காக. உன்னிடம் இருக்கிற மாதிரியே ஒரு கருவி. அது கேட்டது, நான் பதில் எழுதினேன். என் தலைக்குள் இருந்த எல்லாவற்றையும் எழுதினேன், ஒரு வாசலையும் விடவில்லை. நல்ல ஆவணம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். எழுதி முடித்த பிறகு என்னைக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. தையில் எங்கள் குழுவை நிற்பாட்டிவிட்டார்கள்.

உன் முதல் கடிதம் வந்தபோது எனக்கு ஏன் அப்படிக் கொதித்தது என்று இப்போது விளங்கும். உன்மேல் இல்லை அந்தக் கோபம். தி.கே. ஒன்றுதான் நான் யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் என்னிடம் மிஞ்சியிருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. அம்மா அந்த வாசலுக்குப் பின்னால் இருக்கிறார் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இப்போது நான் மீன் வெட்டுகிறேன். ஒரு தீவில் சல்மன் தொழிற்சாலை. வெள்ளைத் தொப்பி, இறப்பர்ச் சப்பாத்து, காலையிலிருந்து முள் எடுக்கிறது. தன்னுடைய மகன் மீன் மணக்காத வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் அப்பா கடலில் கிடந்து படிப்பித்தார். அம்மாவிடம் ஞாயிறுதோறும் கந்தோர்க் கோப்பி சரியில்லை என்று முறைப்பாடு சொல்கிறேன். அதற்காகப் பக்கத்துக் கடையில் கோப்பி குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பொய் பொருந்த வேண்டும் என்று.

தமிழில் கதைக்க இங்கே ஆள் இல்லை. வேறு மொழியில் கதைக்கவும் இல்லை. மெஷின் சத்தத்தில் ஒருவரும் கதைப்பதில்லை. சுகமில்லை கஜானி. எழுதிவிட்டேன்.

வரத்தான் வேண்டும். வந்தால் திரும்பவும் இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். என் விசா பழைய வேலைக்குத் தந்தது. இங்கே நின்றால் ஏதாவது வழி பிறக்கும் என்று ஒரு வக்கீல் சொல்கிறார், வெளியே போனால் ஒன்றும் இல்லை என்கிறார். அம்மாவுக்கு நான் இங்கே நன்றாக இருக்கிறேன் என்பது ஒன்றுதான் பெருமை. அதையும் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு வாசலில் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவிடம் இதை நீ சொல்லிவிடாதே.

உன் அப்பா, சீவரத்தினம் ஐயா, போனது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. கடைசியில் கஷ்டப்பட்டாரா? நீ பக்கத்தில் இருந்தாயா? அந்தப் பெரிய வீட்டில் எப்படித் தனியாக இருக்கிறாய்?

லெனாட்


யாழ்ப்பாணம்
2 செப்டெம்பர் 2025

லெனாட்,

அப்பா கஷ்டப்படவில்லை. பின்னேரம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து படுத்தவர். நான் பக்கத்து அறையில் இருந்தேன். வீட்டில் தனியாக இருப்பது பகலில் பரவாயில்லை. நீ கேட்டாய், அதற்காகச் சொல்கிறேன். கேட்டதற்கு நன்றி என்று எழுதினால் அந்தக் கருவி மாதிரி இருக்கும்.

உன் அம்மாவிடம் எதையும் நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு என்று செய்தி அனுப்பினேன். நேற்று ஆட்களைப் பார்க்க விடுகிற நேரத்தில் நீ எடுத்தாய், நான் போனை அம்மாவின் காதில் வைத்தேன். நீ எல்லாவற்றையும் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "ஓம் மோனை. ஓம். சரி. எனக்கு நல்ல சுகம். நீ அங்கையே நில்லு. வைக்கிறன்." நீ என்ன நினைத்திருப்பாய் என்றும் எனக்குத் தெரியும். உனக்குக் கேட்காததை எழுதுகிறேன்.

போனை என்னிடம் தரவில்லை. நெஞ்சில் வைத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தார். பிறகு "மீன் வெட்டுறானாம்" என்றார். "தேப்பன் பிடிச்சவர், இவன் வெட்டுறான். இதிலை என்ன வெக்கம் கிடக்கு? சொல்லாமல் விட்டிட்டானே. கோப்பி சரியில்லையெண்டு ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவான், நானும் நம்பிக்கொண்டு இருந்தன்." கண் வழிந்து காதுக்குள் போனது. நான் துடைத்துவிட்டேன்.

துடைத்த கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீ அவனுக்கு எழுதுறனியெல்லோ?"

"ஓம்."

"அவனை வரச் சொல்லு. எனக்கு ஏலாமல் கிடக்கு. தனிய இருக்க ஏலாது இனி."

"இப்பத்தானே அவனோடை கதைச்சனீங்கள் அம்மா. நில்லெண்டெல்லோ சொன்னனீங்கள்? அவனிட்டையே இதைச் சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னால் வந்திடுவான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. வர வேண்டும் என்றுதானே சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் கூப்பிட்டு வந்தவனெண்டு இருக்கக் கூடாது பிள்ளை. நாளைக்கு அவனுக்கு ஒரு கஷ்டம் வந்தால், அம்மா கூப்பிட்டபடியாலை எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனெண்டு மனசிலை கிடக்கும். அவன் தானாய் வரவேணும். நான் சொன்னதெண்டு மட்டும் எழுதிப்போடாதை."

அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வழமையாக நான் வெளிக்கிடும்போது ஸ்கூட்டியில் பெற்றோல் இருக்கிறதா, வழியில் வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்பார். நேற்று ஒன்றும் கேட்கவில்லை. நான் வெளிக்கிடாமல் தாதி வந்து கலைக்கும் வரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன்.

சொல்லாதே என்றதை முழுவதும் சொல்லிவிட்டேன், சொல்லாதே என்றதையும் சேர்த்து. உன் அம்மாவுக்கு நான் கொடுக்கிற வாக்கு ஒன்றும் நிற்பதில்லை.

உன் விசாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வந்தால் இங்கே என்ன வேலை என்றும் தெரியாது. சுவரோடு அடுக்கின கதிரைகள் இருக்கின்றன, அதைத்தான் சொல்ல முடியும். நான் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள். வா, லெனாட். பலாலி விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.

அம்மா உன்னைக் கண்டதும் "ஏன்டா வேலையை விட்டிட்டு வந்தனி?" என்று கட்டாயம் பேசுவார். தலையைக் குனிந்துகொண்டு நில். நீயாக வந்ததாகவே இருக்கட்டும். நானும் அப்படித்தான் சொல்வேன்.

கஜானி